நெய் ரோஸ்ட் பாதி விலை

அப்பா,

இன்று காலை கடை திறந்ததும் முதலாளி என் கையில் ஒரு ஸ்டிக்கர் தாளைக் கொடுத்தார். சின்னச் சின்ன வெள்ளைச் சதுரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு எண். மெனு கார்டில் பழைய விலைக்கு மேல் இவற்றை ஒட்ட வேண்டும். புதிதாகக் கார்டு அடித்தால் செலவாகும் என்று விலை ஏறும்போதெல்லாம் அவர் இப்படித்தான் செய்வார். பார்சல் கவுன்டரில் கூட்டம் சேர்வதற்கு முன் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருந்தேன். நெய் ரோஸ்டுக்கு வந்தபோது பழைய ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். அதற்குக் கீழே ஒன்று இருந்தது. அதற்கும் கீழே இன்னொன்று. பசை வாசனையும் கார்டில் ஊறிப்போன சாம்பார் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறின. எல்லாவற்றுக்கும் அடியில், அச்சடித்த முதல் விலை மங்கலாகத் தெரிந்தது.

"இது நாயமான வில" என்று நீங்கள் சொல்வது கேட்டது. ஆனால் அப்பா, அந்த விலைகூட நான் உங்களிடம் சொன்னதைவிட அதிகம்தான்.

நீங்கள் இந்தக் கார்டைத் தொட்டதே இல்லை. "கார்டு குடுக்கற ஓட்டல்ல கணக்குதான் ருசியா இருக்கும்" என்பீர்கள். சர்வர் வந்து நின்று, இட்லி பொங்கல் வடை பூரி தோசை ரவா என்று மூச்சு விடாமல் வாயால் சொல்ல வேண்டும். ஏசி அறையில் உட்காரக் கூடாது. "உள்ள போனா இட்லி ஆறிடும், வில சூடாயிடும்." கேட்காமல் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தால் எழுந்து வந்துவிட வேண்டும். இலைமேல் கையைக் குறுக்கே வைத்து மறைக்கிறவரை சோறு போடவில்லை என்றால் அதற்குப் பெயர் சாப்பாடு இல்லை. ஃப்ரைட் ரைஸ் என்பது நேற்றைய சோற்றுக்கு வைத்த செல்லப் பெயர். இவையெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் இவற்றில் ஒன்றைக்கூட நீங்கள் என்னிடம் சொன்னதில்லை. எல்லாம் அக்காவிடம் சொன்னவை. நான் அடுப்படியிலிருந்து கேட்டவை.

நேராகவே சொல்லிவிடுகிறேன். எனக்கு அக்காமேல் பொறாமை. நீங்கள் போன பிறகு அது போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை. அவளுக்கு நல்ல துணி கிடைத்தது, அவள் காலேஜுக்குப் போனாள் என்பதற்காக இல்லை. அவளோடு நீங்கள் சண்டை போட்டீர்கள். அதற்காகத்தான்.

உங்கள் விலைகள் ஏன் அவ்வளவு பழையவையாக இருந்தன என்பது வெளியாருக்குத் தெரியாது. நீங்கள் சென்னைக்கும் திருச்சிக்கும் பஸ் ஓட்டிய காலமெல்லாம் வழியில் ஒரே ஓட்டலில்தான் வண்டியை நிறுத்துவீர்கள். பயணிகள் முன்வாசலில் டோக்கன் வாங்கிக்கொண்டு சாப்பிடுவார்கள். நீங்களும் கண்டக்டர் மாமாவும் பின்பக்கத்துச் சின்ன அறைக்குப் போவீர்கள். அங்கே உங்களுக்கென்று இலை போட்டிருக்கும், கேட்காமலே ஆம்லெட் வரும். ஒரு வண்டி நிறைய ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியதற்கு அந்த மரியாதை. பில் என்ற ஒன்று அந்த அறைக்குள் வந்ததே கிடையாது. வண்டி கிளம்பிய பிறகு, "ரெண்டு இட்லிக்கு இவ்ளோ வாங்கறானே, கொள்ளக்காரன்" என்று பின் சீட்டில் புலம்புவார்களாம். நீங்கள் கண்ணாடியில் அவர்களைப் பார்த்துச் சிரிப்பீர்களாம். "சும்மா ஏத்தி சொல்றானுங்க. இட்லி எங்கயாச்சும் அந்த வில விக்குமா?"

பிறகு சர்க்கரை வந்து கண்ணைக் கெடுத்தது. ஸ்டியரிங்கைத் தொட வேண்டாம் என்று விழுப்புரம் டிப்போவில் உங்களை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அதன் பிறகுதான் நீங்கள் காசு கொடுத்து ஓட்டலில் சாப்பிட ஆரம்பித்தீர்கள். ஊருக்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிய விலை உங்களுக்கு மட்டும் ஒரே காலையில் ஏறியது. முதல் நாள் பில்லைக் கையில் வாங்கிக்கொண்டு, "பக்கத்து டேபிள் பில்லையும் சேத்துட்டியாப்பா?" என்று கேஷியரைக் கேட்டீர்கள். அக்கா இதை நடித்துக் காட்டி அம்மாவைச் சிரிக்கவைத்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேஷியருக்கு முன்னால் உங்கள் பக்கத்தில் நின்றவள் அவள்தானே என்றுதான் உள்ளுக்குள் ஓடியது.

அவளுக்கு விழுப்புரத்தில் காலேஜ், உங்களுக்கு விழுப்புரத்தில் டிப்போ. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஏதாவது ஓட்டலில் டிபன் சாப்பிட்டுவிட்டு விக்கிரவாண்டிக்கு வருவீர்கள். பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவில் திரும்பும்போதே சத்தம் கேட்கும்.

"ஒரு காப்பி இன்னா வில தெரியுமாடி?"

"தெரியும்பா. நான்தான பக்கத்துல உட்காந்துகினு இருந்தேன்."

"அந்தக் காசுக்கு நான் முழுச் சாப்பாடு துன்னுருக்கேன்."

"எப்ப? நான் பொறக்கறதுக்கு முன்னாடியா?"

"பொறந்து தவழ்ந்துகினு இருந்த."

"அப்ப உன் சம்பளம் இன்னா? அதையும் சொல்லு. உன் சம்பளம் ஏறணும், காப்பி மட்டும் அங்கயே நிக்கணுமா?"

"ஏய், எத எங்க கொண்டாந்து சேக்கற? காப்பிக்கு பொண்டாட்டி இருக்குதா, புள்ள இருக்குதா?"

"காப்பி போடறவனுக்கு இருக்குதில்ல!"

அம்மா வாசலுக்கு வருவாள். "ரெண்டு பேரும் செருப்ப கழட்டிட்டு அப்புறம் சண்ட போடுங்க. பேஜாரா போச்சு உங்களோட."

அக்கா உங்களை 'நீ' என்பாள். நான் சின்ன வயதிலிருந்தே 'நீங்க' என்பேன். மரியாதை தெரிந்த பிள்ளை என்று ஊரில் சொல்வார்கள். உங்களை 'நீ' என்று கூப்பிட எனக்கு வாய் வராது, அவ்வளவுதான்.

சண்டை முடிந்து இருவரும் உட்காரும்போது நான் தோசை வார்த்து வைப்பேன். வேர்க்கடலையை வறுத்து மல்லாட்டைச் சட்னி அரைத்திருப்பேன். நீங்கள் ஏற்கெனவே சாப்பிட்டு வந்திருப்பீர்கள். இருந்தாலும் நான் சங்கடப்படக் கூடாது என்று ஒரு தோசையை எடுத்துக்கொள்வீர்கள். "நல்லா இருக்குதுமா" என்பீர்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும். என் சட்னிக்கு விலை கிடையாது. விலை இல்லாததைப் பற்றி உங்களுக்கு என்ன பேச்சு இருக்கப்போகிறது?

ஒன்பதாவது முடிந்ததும் இனிப் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று சொன்னேன், நினைவிருக்கிறதா? வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னால் எனக்கு எழுத்து தெரியும், குரல் வராது. மற்ற பிள்ளைகள் சிரிக்கும். அதை உங்களிடம் சொல்லக்கூட எனக்குப் பேச்சு வரவில்லை. போகமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன். நீங்கள் கத்துவீர்கள், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் அம்மாவிடம், "அதுக்கு புடிக்கலன்னா விடு, பாவம்" என்றீர்கள். அதே மாதத்தில் அக்கா ஒரு நாள் டியூஷனுக்குப் போகாமல் படுத்திருந்தாள். அதற்கு நீங்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அவளுக்கு ஒரு நாளுக்கு அவ்வளவு சத்தம். எனக்கு மொத்தப் படிப்புக்கும் ஒரு 'பாவம்'.

உங்கள் இருவரோடும் ஒரே ஒரு முறைதான் ஓட்டலுக்கு வந்தேன். பொங்கலுக்குத் துணி எடுக்க விழுப்புரம் போன அன்று. நீங்கள் ஏசி அறை வேண்டாம் என்றீர்கள். அக்கா வேண்டும் என்றாள். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டது. கடைசியில் வெளியே, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தோம். நெய் ரோஸ்ட் வந்ததும் அது எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்று ஒரு சண்டை. அந்தக் காலத்தில் இலையின் இரண்டு பக்கமும் தாண்டி நிற்கும் என்றீர்கள். "அந்தக் காலத்துல இலதான் சின்னது" என்றாள் அவள். சர்வரே சிரித்துவிட்டார். நான் உங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் கைகள் என் தட்டுக்கு மேலேயே போய் வந்தன. சர்வர் என்னைக் காட்டி, "பாப்பாவுக்கு வேற இன்னா சார்?" என்று கேட்டார். நீங்கள் திரும்பாமலே, "அது எதுவும் கேக்காது" என்றீர்கள்.

எனக்கும் நெய் ரோஸ்ட் வேண்டும் என்று இருந்தது, அப்பா.

உங்களிடம் பாதி விலை சொல்வது அம்மா கண்டுபிடித்த வழி. என்ன வாங்கி வந்தாலும் நீங்கள் முதலில் கேட்பது "எவ்ளோ?" தான். உண்மையைச் சொன்னால் அந்தச் சாப்பாடு உங்களுக்கு உள்ளே இறங்காது. அதனால் அம்மா பஜ்ஜியானாலும் பிரியாணியானாலும் பாதியைச் சொல்வாள். நீங்கள் அதற்கும் முகம் சுளித்துவிட்டுச் சாப்பிடுவீர்கள். பாதி விலைதான் எங்கள் வீட்டில் உண்மை விலை என்று ஆகிவிட்டது. அக்கா மட்டும் முழுசாகச் சொல்வாள். நீங்கள் துள்ளுவதைப் பார்ப்பதற்காகவே சொல்வாள்.

பதினேழு வயதில் எனக்குத் திண்டிவனத்தில் இந்த வேலை கிடைத்தது. பார்சல் கட்டுகிற வேலை, யாரோடும் அதிகம் பேச வேண்டியதில்லை. அக்கா தெற்கே பஸ் ஏறுவாள், நான் வடக்கே ஏறுவேன். முதல் சம்பளம் வாங்கிய சனிக்கிழமை உங்களுக்கு ஒரு நெய் ரோஸ்ட் கட்டிக்கொண்டு வந்தேன். வாழையிலையில் சுருட்டி, பேப்பரில் மடித்து, சட்னியைத் தனியாகக் கட்டி. பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். நீங்கள் பிரித்து, ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு, "எவ்ளோ?" என்று கேட்டீர்கள்.

முதல் முறையாக அந்தக் கேள்வி எனக்கு வந்தது. முழு விலையைச் சொன்னால் சண்டை வரும் என்று தெரியும். அந்தச் சண்டைக்காகத்தானே நான் இத்தனை வருடம் ஏங்கினேன். ஆனால் வாயைத் திறந்தபோது அம்மாவின் வழிதான் வந்தது.

"நாப்பத்தஞ்சுப்பா."

உங்கள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. "பாரு! திண்டிவனத்துல இன்னும் மனுஷன் இருக்கான்!"

அன்றிலிருந்து என் ஓட்டல் உங்கள் ஆயுதம் ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமைச் சண்டைகளில் நானும் வந்தேன். "போடி, என் சின்ன பொண்ணு வேல செய்யற எடத்துல நெய் ரோஸ்ட் நாப்பத்தஞ்சு. போயி பாத்துட்டு வா, அப்புறம் பேசு." என் சின்ன பொண்ணு! அடுப்படியில் கரண்டியை வைத்துவிட்டு அதைக் கேட்டுக்கொண்டு நிற்பேன். அக்கா உள்ளே எட்டி என்னைப் பார்ப்பாள். அவளுக்கு உண்மை தெரியும். திண்டிவனத்தில் அந்த விலைக்கு வெறும் தோசைகூடக் கிடையாது என்று யாருக்குத்தான் தெரியாது?

"அப்டியாடி? நாப்பத்தஞ்சா?" என்று என்னையே பார்த்துக்கொண்டு கேட்பாள்.

நான் தலையை ஆட்டுவேன். அவள் உங்களிடம் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அந்தப் பெருந்தன்மையும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. உங்கள் சண்டை முழுவதும் அவளிடம் இருந்தது. ஒரு ஓரத்தை எனக்குக் கிள்ளிக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்த்தாள்.

நீங்கள் இதை விக்கிரவாண்டி டீக்கடைவரை கொண்டுபோவீர்கள் என்று நான் நினைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் ஓட்டலில் நிற்க இடமில்லை. பார்சல் கவுன்டரிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் நீங்கள் உள்ளே வருகிறீர்கள். வெள்ளைச் சட்டை, தலையில் எண்ணெய். பின்னால் கண்டக்டர் மாமா. அவருக்குப் பின்னால் டீக்கடையில் உங்களோடு பேப்பர் படிக்கிற உரக்கடைக்காரர். மூன்று பேரும் கல்யாணத்துக்கு வந்தவர்கள்போல் நடுமேசையில் உட்கார்ந்தீர்கள். எனக்குக் கையில் இருந்த நூல் நழுவியது.

சர்வர் அண்ணன் கார்டை நீட்டினார்.

"கார்டெல்லாம் வாணாம்பா. வாயால சொல்லு."

"எல்லாம் அதுல இருக்குது சார்."

"அதுல இருக்கறது உனக்கு தெரியும் இல்ல? சொல்லு."

நீங்கள் அந்தக் கார்டைப் பிரித்திருந்தால் போதும். நெய் ரோஸ்டுக்கு எதிரே தொண்ணூற்றைந்து என்று ஒட்டியிருந்தது. நீங்கள் அதை வாங்கி, பிரிக்காமலே விசிறியாக வைத்துக்கொண்டீர்கள். ஆளுக்கொரு நெய் ரோஸ்ட், பொங்கல், வடை, காப்பி. உரக்கடைக்காரர் இன்னொரு ரோஸ்ட் கேட்டார். "துன்னுய்யா, நம்ம பொண்ணு கட" என்றீர்கள். கடையே என்னுடையது என்பதுபோல். நான் யாருக்கோ கட்ட வேண்டிய சாம்பாரை யாருக்கோ கட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பில் வந்தது. நீங்கள் அதைத் தூரமாகப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தீர்கள். பிறகு எழுந்து கல்லாவுக்குப் போனீர்கள்.

"இன்னாப்பா இது? பக்கத்து டேபிளதும் சேந்து வந்துருக்குது."

முதலாளி வாங்கிப் பார்த்தார். "இல்லங்க, உங்களதுதான். நாலு நெய் ரோஸ்ட்டு, மூணு பொங்கலு..."

"நெய் ரோஸ்ட்டு நாப்பத்தஞ்சு. நான் இன்னா வெளியூரா? என் பொண்ணு இங்கதான் வேல செய்யுது. அதையே கேளு!"

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் பக்கம் திரும்பினார். "யம்மா, நெய் ரோஸ்ட்டு இன்னா வில? உங்கப்பாக்கு நீயே சொல்லு."

பார்சலுக்கு நின்றவர்கள், மேசைகளில் இருந்தவர்கள், கண்டக்டர் மாமா, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்றதுபோலவே காது அடைத்தது. ஆனால் அப்பா, அந்தப் பயத்துக்கு நடுவிலும் ஒரு ஆசை வந்தது. இதோ, இப்போது, இத்தனை பேர் பார்க்க நீங்கள் என்னைத் திட்டப்போகிறீர்கள். அக்கா இங்கே இல்லை.

"தொண்ணூத்தஞ்சு" என்றேன்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அவ்வளவு நேரம் நீங்கள் என்னைப் பார்த்தது அதற்கு முன் இல்லை. பிறகு உங்கள் ஆட்கள் பக்கம் திரும்பினீர்கள். "நேத்துதான் ஏத்தியிருக்கானுங்க. நம்ம நேரம் பாரு" என்றீர்கள். பணத்தை எண்ணி வைத்தீர்கள். போகும்போது கவுன்டர் அருகில் நின்று, "ஜல்தியா வந்துரு, மழ வர்ற மாரி இருக்குது" என்று மட்டும் சொன்னீர்கள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது நான் பதில்களைத் தயார் செய்துகொண்டேன். நீங்கள் இப்படிக் கேட்டால் இப்படிச் சொல்வது, அப்படிக் கத்தினால் அப்படிச் சொல்வது. அக்காவைப்போல் ஒரு முறையாவது 'நீ' என்று சொல்லிவிடுவது. வீட்டுக்குள் நுழைந்தேன். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள்.

"சாப்டியாமா?"

அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில், போன் சார்ஜரைக் கழற்றாமல் விட்டதற்காக அக்காவோடு கரண்ட் பில்லைப் பற்றி ஒரு பெரிய சண்டை நடந்தது. நான் தட்டில் இருந்த சோற்றை வெறுமனே பிசைந்துகொண்டிருந்தேன். நாற்பத்தைந்து ரூபாய்ப் பொய் சும்மா போய்விட்டது. சார்ஜருக்கு அவ்வளவு மரியாதை.

அடுத்த சனிக்கிழமையும் நெய் ரோஸ்ட் கொண்டுவந்தேன். நீங்கள் பிரித்துச் சாப்பிட்டீர்கள். "எவ்ளோ?" என்று கேட்கவில்லை. அதன் பிறகு நீங்கள் கேட்கவே இல்லை. என் ஓட்டல் வெள்ளிக்கிழமைச் சண்டைகளிலும் வரவில்லை. பொய் போனால் போகட்டும், அதோடு என் கேள்வியும் போய்விட்டது.

மழைக்காலம் தொடங்குவதற்குள் நீங்களும் போய்விட்டீர்கள். டிப்போ நாற்காலியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்களாம். அக்கா காலேஜிலிருந்து ஓடி உங்களோடு ஆம்புலன்ஸில் போனாள். அங்கேயும் அவள்தான். எனக்குச் செய்தி வந்தபோது நான் யாருக்கோ பூரி கட்டிக்கொண்டிருந்தேன்.

காரியத்தன்று பந்தியில் நான் சோறு பரிமாறினேன். கண்டக்டர் மாமாவின் இலைக்கு வந்தபோது, அவர் உங்களைப்போலவே கையைக் குறுக்கே வைத்து மறைத்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னிக்கு திண்டிவனத்துலேர்ந்து திரும்பி வர்றப்ப உங்கப்பன் இன்னா பண்ணான் தெரியுமாம்மா? பஸ் ஏறனதுலேர்ந்து உன்கூட ஒரே சண்ட."

"என்கூடவா? நான் கடையிலதான மாமா இருந்தேன்."

"அதான் சொல்றேன். ஜன்னல பாத்துகினு தனியா பேசிக்கினு வர்றான். 'ஏண்டி, உங்கப்பன் இன்னா வக்கத்தவனா? நெசத்த சொன்னா செத்தா பூடுவேன்? பெரியவ சொல்றா இல்ல, தாங்கிக்கினு இல்ல?' அப்டின்னு. அப்புறம் நீ பேசறதயும் அவனே பேசறான். உன் கொரல்ல, மெதுவா. 'நீங்க நிம்மதியா சாப்புடணும்னுதாம்பா.' அதுக்கும் ஒரு பதில். முன் சீட்டு அம்மா திரும்பித் திரும்பிப் பாக்குது. நம்மூரு டோல்கேட்டு வந்ததும் வாய மூடிக்கினான். 'வூட்டுல போயி கேளேன்டா'ன்னேன். 'அதுங்கிட்ட எப்டிறா சத்தம் போடறது'ன்னுட்டான்."

"வேற இன்னா சொன்னாரு மாமா?"

"எவ்ளோவோ சொன்னான். யாரு அதெல்லாம் நெனவு வெச்சிக்கினா? கொஞ்சம் ரசம் ஊத்தச் சொல்லும்மா."

அக்காமேல் இருந்ததைவிடப் பெரிய பொறாமை அந்த நிமிடம் அவர்மேல் வந்தது. எனக்கென்று நீங்கள் போட்ட ஒரே சண்டை. அதைப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டவர் அவர். கேட்டுவிட்டு மறந்தும் போனவர். திண்டிவனத்திலிருந்து டோல்கேட் வரை எவ்வளவு பேசியிருப்பீர்கள்! எனக்குக் கிடைத்தது அவர் ரசத்துக்கு முன் சொன்ன நாலு வரிதான்.

போன மாதம் அக்கா என்னை விழுப்புரத்தில் நாம் மூவரும் போன அந்த ஓட்டலுக்குக் கூட்டிப்போனாள். ஏசி அறைக்குள் நுழையும்போதே, "அப்பா இருந்தா இப்ப இன்னா சொல்லும் தெரியுமா" என்று உங்கள் குரலில் ஆரம்பித்தாள். அப்படியே நீங்கள்தான். இட்லிக்கு ஒன்று, தண்ணீர் பாட்டிலுக்கு ஒன்று, கார்டுக்கு ஒன்று. அவளிடம் உங்கள் பேச்சு மூட்டை மூட்டையாக இருக்கிறது. வேண்டும்போது அவிழ்த்துக்கொள்கிறாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உனக்கு இன்னாடி, உங்கிட்ட ஒரு நாளும் மூஞ்ச காட்டல. எங்கிட்டதான் எரிஞ்சு எரிஞ்சு வுழுந்தாரு" என்றாள். அவள் என்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாளாம். பணக்காரி வந்து, உனக்குப் பணத்தைக் காக்கிற கவலை இல்லையே என்று சொன்னால் எப்படி இருக்கும்? நான் நெய் ரோஸ்ட் வாங்கித் தரச் சொன்னேன். இந்த முறை வாயைத் திறந்து கேட்டேன்.

ஸ்டிக்கரெல்லாம் ஒட்டி முடித்துவிட்டேன், அப்பா. சுரண்டிய இடத்தையும் அழுத்தித் தேய்த்து மூடிவிட்டேன். இன்று வந்தவர்களில் ஒரு பெரியவர், "இன்னாம்மா, போன வாரம் வேற வில சொன்ன?" என்று என்மேல் பாய்ந்தார். "எண்ண வில இன்னான்னு கடையில கேட்டுட்டு வாங்க பெரியவரே" என்றேன். முதலாளி கல்லாவிலிருந்து எட்டி, பேசியது நான்தானா என்று பார்த்தார். அந்தப் பெரியவருக்குப் பதில் சொல்வது எனக்குச் சுலபம். பல மாதங்களாகப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

வேலை முடிந்ததும் திண்டிவனத்தில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்காருவேன். ஊரைத் தாண்டியதும் ஆரம்பிப்பேன், உதடு மட்டும் அசையும்படி. முதலில் நீங்கள் கேட்பதை உங்கள் குரலில் கேட்பேன். பிறகு என் பதில். அதற்கு உங்கள் பதில். கண்டக்டர் மாமா மறந்ததையெல்லாம் நானே கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும். டோல்கேட் வந்ததும் வாயை மூடிக்கொள்வேன்.

இன்று சாயங்காலம் சொல்வதற்குப் புதிய விலை இருக்கிறது. நெய் ரோஸ்ட் நூற்றுப்பத்து. இதில் பாதி கிடையாது. முழு விலை. அந்தக் காலத்தில் இலையைத் தாண்டி நின்ற ரோஸ்டைப் பற்றிச் சொல்லு. முழுச் சாப்பாட்டின் விலையைச் சொல்லு. ஏண்டி என்று கேளு. டோல்கேட்வரை நேரம் இருக்கிறது. நன்றாகக் கத்து அப்பா. அக்கா இந்தப் பஸ்ஸில் வருவதில்லை.